விண்டோஸில் பிஎச்பி 8.3: டிஎஸ் பில்டா, என்டிஎஸ் பில்டா?

ஆலமரத்தடி

வணக்கம். விண்டோஸ் சர்வர் 2022-இல் பிஎச்பி 8.3 நிறுவ வேண்டும். அலுவலக உள்வலையில் மட்டும் ஓடும் பயன்பாடு, தரவுத்தளம் எஸ்க்யூஎல் சர்வர். பதிவிறக்கப் பக்கத்தில் ஒரே பதிப்புக்கு இரண்டு பில்டு (கம்பைல் செய்த வகை) ஜிப்பாகக் கிடக்கிறது: "த்ரெட் சேஃப்" (டிஎஸ்), "நான் த்ரெட் சேஃப்" (என்டிஎஸ்). பெயரைப் பார்த்தால் முதலாவதுதான் பத்திரமானது போலத் தெரிகிறது. அதையே போட்டுவிடலாமா? வெப் சர்வர் ஐஐஎஸ்ஸா, அப்பாச்சியா என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவான பிறகு பில்டை மாற்றினால் என்னென்ன மாற வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னால் நல்லது.

மேகமலை

பெயரை வைத்து எடுக்காதீங்க. இங்கே "சேஃப்" என்பதற்கும் ஹேக்கிங், வைரஸ், தரவு இழப்பு எதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) பல த்ரெட்கள் (அதற்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) ஒரே நேரத்தில் பிஎச்பியை ஓட்டினால் ஒன்றின் உள்நிலை இன்னொன்றில் கலக்காது. அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் பொருள்.

அதனால் முதலில் வெப் சர்வரை முடிவு செய்யுங்க. பில்டு அதுவாகவே முடிவாகிவிடும். ஐஐஎஸ் என்றால் ஃபாஸ்ட்சிஜிஐ வழி (பிஎச்பி வெப் சர்வருக்கு வெளியே தனிப் புராசஸாக ஓடும் முறை), என்டிஎஸ். அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி மாட்யூலாக ஏற வேண்டும் என்றால் டிஎஸ். வெறும் கட்டளை வரி, கம்போசர் (பிஎச்பி நூலகங்களை இறக்கும் கருவி), ஷெட்யூல்டு டாஸ்க் மட்டும்தான் என்றால் இரண்டுமே ஓடும், ஆனால் டிஎஸ்ஸால் அங்கே லாபம் இல்லை.

ஜிப் பெயரில் ஒரு வழுக்கல் இருக்கு, கவனிங்க. என்டிஎஸ் ஜிப்பின் பெயரில் "என்டிஎஸ்" என்று எழுதியிருக்கும். டிஎஸ் ஜிப்பில் "டிஎஸ்" என்று எதுவுமே இருக்காது, பதிப்பு எண்ணை அடுத்து நேராக "வின்32-விஎஸ்16-எக்ஸ்64" என்று வரும். அவசரத்தில் இறக்குபவர்கள் அதைப் "பொதுவான" பில்டு என்று நினைத்துவிடுகிறார்கள்.

கருங்கல்

மேகமலை சொன்னதுடன் அப்பாச்சி பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் அப்பாச்சி ஓடுவது எம்பிஎம்_வின்என்டி என்ற முறையில். ஒரு கட்டுப்பாட்டு புராசஸ், அதன் கீழ் ஒரே ஒரு குழந்தைப் புராசஸ், கோரிக்கைகளைக் கவனிப்பது அதற்குள் இருக்கும் த்ரெட்கள். இயல்பாக 64 த்ரெட். பிஎச்பி மாட்யூலை ஏற்றினால் அந்த 64 த்ரெட்டும் ஒரே பிஎச்பியைத்தான் பகிரும். அதனால் அங்கே டிஎஸ் கட்டாயம்.

என்டிஎஸ் ஜிப்பைப் பிரித்துப் பார்த்தால் பிஎச்பி8அப்பாச்சி2_4.டிஎல்எல் என்ற கோப்பே இருக்காது. "காணோமே" என்று டிஎஸ் ஜிப்பிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து என்டிஎஸ் கோப்புறையில் போடுகிறவர்கள் உண்டு. ஓடாது. அந்த டிஎல்எல் தேடுவது பிஎச்பி8டிஎஸ்.டிஎல்எல்லை, என்டிஎஸ்ஸில் இருப்பதோ பிஎச்பி8.டிஎல்எல். அப்பாச்சி தொடங்கும்போதே "குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும்.

அமைப்பு மூன்றே வரி. லோட்மாட்யூல் வரியில் மாட்யூல் பெயர் பிஎச்பி_மாட்யூல் (7-இல் பிஎச்பி7_மாட்யூல் என்று இருந்தது, 8-இல் எண் போய்விட்டது, பழைய வரியை அப்படியே ஒட்டினால் அப்பாச்சி ஏற்காது). அடுத்து பிஎச்பிஐனிடர் வரியில் பிஎச்பி கோப்புறை. மூன்றாவது, .பிஎச்பி கோப்புகளுக்கான ஹேண்ட்லர். சிறிய உள்வலைப் பயன்பாட்டுக்கு இதைவிட எளிய வழி இல்லை என்பது என் கருத்து.

மேகமலை

அமைக்க எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பராமரிக்க எளிதில்லை, அண்ணே. குழந்தைப் புராசஸ் ஒன்றே ஒன்று என்று நீங்களே சொன்னீங்க. ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியோடு சேர்க்கும் கூடுதல் அம்சம்) ஒரு த்ரெட்டில் நினைவகத்தைத் தப்பாகத் தொட்டு விழுந்தால் அந்தப் புராசஸ் முழுக்க விழும். அந்த நொடியில் மற்ற 63 த்ரெட்டில் பதிவேற்றம் செய்துகொண்டிருந்தவர், அறிக்கை இறக்கிக்கொண்டிருந்தவர் எல்லோரும் அறுந்துபோவார்கள். தாய்ப் புராசஸ் புதிதாக ஒன்றை எழுப்பும், அது வேறு விஷயம். ஃபாஸ்ட்சிஜிஐயில் பிஎச்பி-சிஜிஐ ஒன்று விழுந்தால் போவது அது கையில் வைத்திருந்த ஒரு கோரிக்கை மட்டும்.

இன்னொன்று டிஎல்எல் (நிரல் ஓடும்போது ஏறும் நூலகக் கோப்பு) மோதல். மாட்யூலாக ஏறும்போது பிஎச்பி வாழ்வது அப்பாச்சியின் புராசஸுக்குள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லிப்கிரிப்டோ, லிப்எஸ்எஸ்எல் கோப்புகளை அப்பாச்சியும் வைத்திருக்கும், பிஎச்பியும் வைத்திருக்கும். முதலில் ஏறியதே இரண்டுக்கும். பதிப்பு ஒத்துவராவிட்டால் கர்ல் எக்ஸ்டென்ஷன் கட்டளை வரியில் ஓடும், உலாவியில் "அன்டிஃபைன்டு ஃபங்ஷன்" என்று வரும். இந்த அறிகுறியைப் பார்த்து பிஎச்பி.ஐனியை (பிஎச்பியின் அமைப்புக் கோப்பை) மணிக்கணக்காகத் தோண்டுபவர்கள் அதிகம். தோண்ட வேண்டிய இடம் அப்பாச்சியின் "பின்" (bin) கோப்புறை.

தறி

ஏன் இரண்டு பில்டு என்பதற்கு அடியில் இருக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டால் மற்றவை தாமாகப் புரியும்.

பிஎச்பி இயங்கும்போது ஒரு பெரிய பொது நிலையைக் கையில் வைத்திருக்கிறது: இப்போது ஓடும் ஃபங்ஷன், மாறிகளின் அட்டவணை, ஐனி மதிப்புகள், வெளியீட்டு பஃபர். என்டிஎஸ் பில்டில் இது சி மொழியின் சாதாரண குளோபல் ஸ்ட்ரக்ட். புராசஸுக்கு ஒன்று. கம்பைலருக்கு அதன் முகவரி முன்பே தெரியும், நேராகப் போய் எடுக்கும். டிஎஸ் பில்டில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அந்த ஸ்ட்ரக்ட்டின் தனிப்படி இருக்கிறது. தன் படி எங்கே என்று த்ரெட் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளும் அடுக்குக்குப் பெயர் டிஎஸ்ஆர்எம். மூலநிரலில் இந்தப் பில்டை இசட்டிஎஸ் என்பார்கள், ஜென்ட் த்ரெட் சேஃப்டி.

பிஎச்பி 5 வரை அந்த "என் படி எங்கே" என்ற சுட்டியை உள் ஃபங்ஷன்கள் ஒன்றுக்கொன்று கூடுதல் அளபுருவாகக் கடத்திக்கொண்டே போயின. அதனால் வேகக் குறைவு கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. 7.0-இல் அதை எடுத்துவிட்டு இயங்குதளமே தரும் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாறினார்கள். இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது. இன்றும் என்டிஎஸ்தான் சற்று வேகம். ஆனால் 2010 வாக்கில் எழுதப்பட்ட "டிஎஸ் ரொம்ப மந்தம்" என்ற அறிவுரையை 8.3-க்கு அப்படியே பொருத்தாதீர்கள். வேகத்துக்காக மட்டும் பில்டைத் தேர்ந்தெடுப்பது தவறான தொடக்கம். தரவுத்தளத்தில் ஒரு இன்டெக்ஸ் விட்டுப்போனால் இழப்பது அதைவிடப் பல மடங்கு.

ஆலமரத்தடி

புரிகிறது. அப்படியென்றால் டிஎஸ் பில்டில் எழுதும் பிஎச்பி நிரலும் தானாகவே த்ரெட் சேஃப் ஆகிவிடுமா? நிரலில் நான் எதையும் கவனிக்க வேண்டாமா?

தறி

உங்கள் மாறிகள், கிளாஸின் ஸ்டாட்டிக் பண்புகள், செஷன் எல்லாம் த்ரெட்டுக்குத் தனி. அங்கே கவலை வேண்டாம். கவலை வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, புராசஸ் முழுமைக்கும் பொதுவான இயங்குதள அமைப்புகள். செட்லோக்கேல் இதில் முதன்மை. லோக்கேல் (மொழி, நாட்டு வழக்க அமைப்பு) புராசஸுக்கு உரியது, த்ரெட்டுக்கு அல்ல என்று கையேடே எச்சரிக்கிறது; விண்டோஸில் மட்டும் 7.0.5 முதல் அது த்ரெட்டுக்குத் தனி. மற்ற இயங்குதளங்களில் ஒரு பக்கம் லோக்கேலை ஜெர்மனுக்கு மாற்றினால், அதே நேரத்தில் வேறு த்ரெட்டில் ஓடும் பக்கத்தில் தேதிப் பெயர்களும், பிரின்ட்எஃப்-இன் தசமப் புள்ளியும் மாறக்கூடும். 8.0 முதல் ஃப்ளோட்டைச் சரமாக மாற்றுவது லோக்கேலைப் பார்ப்பதில்லை என்பதால் பழைய பெருந்தொல்லை ஒன்று ஒழிந்தது. மீதி இன்னும் இருக்கிறது. இதே வகையில் புட்என்வ் (சூழல் மாறியை மாற்றுவது), யூமாஸ்க் (கோப்பு அனுமதி). கெட்டெக்ஸ்ட்டும் (மொழிபெயர்ப்பு எக்ஸ்டென்ஷன்) லோக்கேலை நம்பியிருப்பதால் அதே கதிதான்.

தமிழில் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்த வேண்டுமென்றால் செட்லோக்கேல் பக்கமே போகாமல் இன்டில் எக்ஸ்டென்ஷனின் கொலேட்டர் கிளாஸை டிஏ_ஐஎன் என்று கொடுத்து உருவாக்குங்கள். அதன் நிலை அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். எந்தப் பில்டிலும் கலக்காது.

சிஎச்டிஐஆர் (நடப்புக் கோப்புறையை மாற்றும் ஃபங்ஷன்) மட்டும் விதிவிலக்கு. டிஎஸ் பில்டில் பிஎச்பி தனக்கென ஒரு கற்பனை நடப்புக் கோப்புறையை த்ரெட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொள்கிறது. அதனால் பிஎச்பியின் கோப்பு ஃபங்ஷன்கள் பிழைத்துவிடும்.

இரண்டு, எக்ஸ்டென்ஷன்களும் அவற்றின் அடியில் இருக்கும் சி நூலகங்களும். பிஎச்பியின் மையம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், எக்ஸ்டென்ஷனை எழுதியவர் ஒரு மதிப்பை மாட்யூல் குளோபல்ஸில் வைக்காமல் வெறும் ஸ்டாட்டிக் மாறியில் வைத்துவிட்டால் எல்லாத் த்ரெட்டும் அதையே மிதிக்கும். இசட்டிஎஸ்ஸில் கம்பைல் ஆவது வேறு, இசட்டிஎஸ்ஸில் சரியாக ஓடுவது வேறு. ஐமேப் எக்ஸ்டென்ஷன் தெரிந்த உதாரணம்: அதன் அடியில் இருக்கும் சி-கிளையன்ட் நூலகம் த்ரெட்டுக்காக எழுதப்பட்டதே அல்ல. 8.4-இல் அந்த எக்ஸ்டென்ஷனையே மையத்திலிருந்து பிரித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மூன்று, ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்). த்ரெட்டின் ஸ்டாக் சிறியது. அப்பாச்சியின் அமைப்பில் த்ரெட்ஸ்டாக்சைஸ் 8388608, அதாவது 8 எம்பி, என்று உயர்த்தச் சொல்லும் குறிப்பு விண்டோஸ் வழிகாட்டிகளில் அடிக்கடி வருவது இதனால்தான். ஆழமாகத் தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனோ, சிக்கலான ரெகுலர் எக்ஸ்பிரஷனோ கட்டளை வரியில் ஓடிவிட்டு அப்பாச்சியில் மட்டும் புராசஸைச் சாய்த்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இவற்றில் முதல் இரண்டும் ஒரே ஆள் சோதிக்கும்போது வெளிப்படவே வெளிப்படாது. உலாவியில் நூறு முறை புதுப்பித்தாலும் ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்தான் பிஎச்பியைத் தொடுகிறது. ஏபி கருவியில் (அப்பாச்சியோடு வரும் சுமைச் சோதனைக் கருவி) 5000 கோரிக்கை, ஒரே நேரத்தில் 50 என்று விட்டுப் பாருங்கள். விண்டோஸ் அல்லாத சர்வர் என்றால் லோக்கேல் மாற்றும் பக்கத்தையும் மாற்றாத பக்கத்தையும் சேர்த்தே விடுங்கள்.

புங்கை

லினக்ஸ்ல இந்தத் தலைவலியே இல்லையே. அங்கே எப்பவும் என்டிஎஸ்தான்.

நெய்தல்

"எப்பவும்" இல்லை, புங்கை. பெரும்பாலும். உபுன்டு, டெபியன் களஞ்சியத்தில் வரும் பிஎச்பி என்டிஎஸ் என்பது சரி. அதனால்தான் அங்கே பிஎச்பி மாட்யூலைப் போட்டால் அப்பாச்சி எம்பிஎம்_ப்ரீஃபோர்க்குக்கு (த்ரெட் இல்லாமல் புராசஸ்களாக ஓடும் முறை) மாற வேண்டியிருக்கிறது. 2.4-இன் இயல்பான எம்பிஎம்_ஈவென்ட்டோடு அந்த மாட்யூலை ஏற்றினால், "அப்பாச்சி த்ரெட் முறையில் ஓடுகிறது, உங்கள் பிஎச்பி அதற்காகக் கம்பைல் செய்யப்படவில்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் தொடங்காமல் நிற்கும். அங்கே இசட்டிஎஸ் பில்டைத் தேடி ஓடாமல் பிஎச்பி-எஃப்பிஎம்-க்கு (ஃபாஸ்ட்சிஜிஐ புராசஸ்களை நிர்வகிப்பது) மாறுங்கள். அப்பாச்சி ஈவென்ட்டிலேயே இருக்கட்டும், ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ வழியாக எஃப்பிஎம்மிடம் பேசட்டும். எஃப்பிஎம் 5.3.3-இலிருந்து பிஎச்பியோடே வருகிறது. அது புராசஸ் முறை, என்டிஎஸ் போதும்.

லினக்ஸில் இசட்டிஎஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இரண்டு. பிஎச்பி நிரலையே பல த்ரெட்டில் ஓட்டும் பேரலல் எக்ஸ்டென்ஷன் (பழைய பித்ரெட்ஸின் இடத்துக்கு வந்தது), அடுத்து ஃப்ராங்கன்பிஎச்பி. இரண்டாவதால்தான் இந்தக் கேள்விக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. கோ மொழியில் எழுதப்பட்ட கேடி வெப் சர்வருக்குள் பிஎச்பியைப் பொதித்துப் பல த்ரெட்டில் ஓட்டுகிறது. இயல்பாக சிபியு எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு த்ரெட். என்டிஎஸ்ஸில் அதற்கு ஒரே ஒரு த்ரெட்தான் கிடைக்கும்.

மூலநிரலிலிருந்து கட்டுபவர்கள் கவனிக்க: 7.4 வரை விருப்பத்தின் பெயர் எனேபிள்-மெயின்டெய்னர்-இசட்டிஎஸ். 8.0 முதல் எனேபிள்-இசட்டிஎஸ். பழைய பெயரைக் கொடுத்தால் கான்ஃபிகர் நிற்காது, "அறியாத விருப்பம்" என்று ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டு என்டிஎஸ்ஸைக் கட்டி முடித்துவிடும். டாக்கரில் என்றால் அதிகாரப்பூர்வ இமேஜில் டேகின் முடிவில் இசட்டிஎஸ் இருப்பதை எடுத்தால் போதும்.

மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் (ஒரு நிரல் ஓடக்கூடிய நேர வரம்பு) பற்றியும் ஒன்று. லினக்ஸ் இசட்டிஎஸ்ஸில் இது நெடுநாள் நொண்டிக்கொண்டிருந்தது. நேரம் முடிந்ததும் வரும் சிக்னல் புராசஸுக்கு வருமே தவிர எந்தத் த்ரெட்டுக்கு என்று உறுதி கிடையாது. த்ரெட்டுக்குத் தனி டைமர் வைக்கும் முறை 8.3 முதல் லினக்ஸ் இசட்டிஎஸ்ஸில் இயல்பாகவே இயங்குகிறது. அதற்கு முந்திய பதிப்பில் இசட்டிஎஸ் ஓட்ட வேண்டாம்.

ஆலமரத்தடி

நன்றி. ஐஐஎஸ் என்றே முடிவு. என்டிஎஸ் எடுத்துவிட்டேன். எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர் ஏறவில்லை. "அன்ஏபிள் டு லோட் டைனமிக் லைப்ரரி... குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை" என்கிறது. ஆனால் எக்ஸ்ட் கோப்புறையில் அந்தக் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது.

மேகமலை

கிடைக்கவில்லை என்று அது சொல்வது அந்தக் கோப்பை அல்ல, அந்தக் கோப்பு தேடும் இன்னொரு கோப்பை. டிரைவர் கோப்பின் பெயரைப் படியுங்க. 83 என்ற எண்ணும் என்டிஎஸ் என்ற சொல்லும் இரண்டும் இருக்கணும். டிஎஸ் என்று இருந்தால் அது பிஎச்பி8டிஎஸ்.டிஎல்எல்லைத் தேடுகிறது, உங்கள் கோப்புறையில் அது கிடையாது. அதே பொட்டலத்தில் இரண்டு வகையும் அடுத்தடுத்து இருக்கும், கை மாறியிருக்கும்.

சில கணினிகளில் இதே தவறுக்கு வேறு செய்தி வரும்: "மாட்யூல் ஏபிஐ20230831,டிஎஸ்,விஎஸ்16 என்று கம்பைல் ஆனது, பிஎச்பி ஏபிஐ20230831,என்டிஎஸ்,விஎஸ்16, இவை பொருந்த வேண்டும்." பழைய சாம்ப் (அப்பாச்சி, பிஎச்பி எல்லாம் சேர்ந்த நிறுவல் பொட்டலம்) போன்ற ஏதோ ஒன்றின் பிஎச்பி8டிஎஸ்.டிஎல்எல் பாத் மாறியில் (விண்டோஸ் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) எங்கோ கிடந்து, டிஎல்எல் ஏறும் வரை ஏறிவிட்டு அப்புறம் பிஎச்பியிடம் மாட்டிக்கொண்டது என்று பொருள். கட்டளை வரியில் "வேர்" (where) கட்டளையோடு அந்த டிஎல்எல் பெயரைக் கொடுத்தால் எங்கே கிடக்கிறது என்று காட்டும்.

அந்த ஒரு வரியில் மூன்று பொருத்தமும் இருப்பதைக் கவனிங்க. 20230831 என்பது 8.3-இன் ஏபிஐ எண் (8.2-க்கு 20220829, 8.4-க்கு 20240924). அடுத்தது டிஎஸ் அல்லது என்டிஎஸ். மூன்றாவது கம்பைலர், 8.0 முதல் 8.3 வரை விஎஸ்16, 8.4-இல் விஎஸ்17. இவற்றோடு எக்ஸ்86, எக்ஸ்64 பொருத்தமும் தனியாக வேண்டும். எக்ஸ்டீபக் (பிழை தேடும் எக்ஸ்டென்ஷன்) உட்பட எந்த எக்ஸ்டென்ஷனை இறக்கினாலும் இந்த நான்கும்.

நீங்க முதலில் கேட்டதற்கும் பதில் இதுதான். பில்டை மாற்றினால் பிஎச்பி நிரலில் ஒரு வரியும் மாறாது. பிஎச்பி.ஐனியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து இறக்கிய எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றையும் மறுபடி இறக்கணும். பழைய எக்ஸ்ட் கோப்புறையைப் புதியதன் மேல் நகலெடுக்கவே கூடாது.

ஓடிபிசி டிரைவரும் 64 பிட்டில் நிறுவியிருக்கணும், அதற்கு டிஎஸ், என்டிஎஸ் வேறுபாடு இல்லை. பதிப்பு 18 என்றால் என்க்ரிப்ட் இயல்பாகவே இயங்கும். சர்வரில் சுயமாகக் கையொப்பமிட்ட சான்றிதழ் இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். அதைப் பார்த்து மறுபடி பில்டைச் சந்தேகிக்காதீங்க.

கருங்கல்

அப்பாச்சியோடுதான் இருக்கணும், ஆனால் என்டிஎஸ் வேணும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: மாட்_எஃப்சிஜிஐடி, அப்பாச்சியில் பிஎச்பியை ஃபாஸ்ட்சிஜிஐ வழி ஓட்டும் மாட்யூல். மேகமலை சொன்ன டிஎல்எல் மோதலும் முழுப் புராசஸ் விழுவதும் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் இயல்பு மதிப்புகள் பழையவை. எஃப்சிஜிஐடிமேக்ஸ்ரெக்வெஸ்ட்லென் (கோரிக்கையின் அளவு வரம்பு) இயல்பாக 131072 பைட், வெறும் 128 கேபி. பிஎச்பி.ஐனியில் பதிவேற்ற வரம்பு 20 எம்பி என்று வைத்திருப்பீர்கள், ஒரு புகைப்படம் ஏற்றினாலே 500 பிழை வரும். எஃப்சிஜிஐடிஐஓடைம்அவுட் 40 வினாடி, நீண்ட அறிக்கை எடுப்பவர்கள் இதையும் கூட்டணும்.

என்ஜின்எக்ஸ் வைப்பவர்களுக்கு: விண்டோஸில் எஃப்பிஎம் இல்லை. பிஎச்பி-சிஜிஐயை 127.0.0.1:9000 என்று நீங்களே எழுப்பணும், ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் பார்க்கும். 9000, 9001, 9002 என்று சில புராசஸ்களை எழுப்பி அப்ஸ்ட்ரீமில் அடுக்குங்கள். பிஎச்பி_எஃப்சிஜிஐ_மேக்ஸ்_ரெக்வெஸ்ட்ஸ் சூழல் மாறியை வைக்காவிட்டால் 500 கோரிக்கை முடிந்ததும் புராசஸ் தானாக வெளியேறிவிடும். "காலையில் ஓடியது, மதியம் 502" என்ற கேள்விகளில் பெரும்பாலானவை இதுதான். வெளியேறியதை மறுபடி எழுப்பும் ஒரு சர்வீஸ் கட்டாயம் வேணும்.

மேகமலை

அந்த 500 ஐஐஎஸ்ஸிலும் கணக்கில் வரும். ஐஐஎஸ் பக்கம் இன்ஸ்டன்ஸ்மேக்ஸ்ரெக்வெஸ்ட்ஸ் (ஒரு பிஎச்பி புராசஸுக்கு ஐஐஎஸ் தரும் கோரிக்கைகளின் வரம்பு) என்று ஒன்று இருக்கு, இயல்பாக 200. அதை 10000 ஆக்கிவிட்டு பிஎச்பி பக்கத்தை 500-லேயே விட்டால், ஐஐஎஸ் எதிர்பார்க்காத நேரத்தில் பிஎச்பி வெளியேறும், இடையிடையே 500 பிழை எட்டிப்பார்க்கும். இரண்டையும் 10000 என்று வையுங்க. பிஎச்பி பக்கத்து எண் ஐஐஎஸ் பக்கத்து எண்ணைவிடக் குறையக் கூடாது.

பிஎச்பி.ஐனியில் சிஜிஐ.ஃபோர்ஸ்_ரீடைரக்ட் 0, சிஜிஐ.ஃபிக்ஸ்_பாத்இன்ஃபோ 1, ஃபாஸ்ட்சிஜிஐ.இம்பர்சனேட் 1. சர்வர் மேனேஜரில் ஐஐஎஸ்ஸின் கீழ் சிஜிஐ அம்சத்தையும் டிக் செய்திருக்கணும், இல்லாவிட்டால் ஹேண்ட்லர் பட்டியலில் ஃபாஸ்ட்சிஜிஐ மாட்யூலே தெரியாது.

நினைவகக் கணக்கு: புராசஸ் 16, மெமரி_லிமிட் 128 எம்பி என்றால் மோசமான நொடியில் 2 ஜிபி. அதைத் தாங்கும் அளவுக்கே மேக்ஸ்இன்ஸ்டன்சஸ் (பிஎச்பி புராசஸ்களின் எண்ணிக்கை வரம்பு) வையுங்க.

ஆலமரத்தடி

டிஎஸ் டிரைவரைத்தான் போட்டிருந்தேன். என்டிஎஸ் கோப்பை மாற்றியதும் ஏறிவிட்டது. ஐஐஎஸ் வழியாக ஓடுவதும் என்டிஎஸ்தான் என்று எதை வைத்து உறுதிசெய்வது? கட்டளை வரியில் பிஎச்பி -வி என்டிஎஸ் என்கிறது.

தறி

கட்டளை வரி காட்டுவது பாத் மாறியில் முதலில் அகப்பட்ட பிஎச்பியை. ஐஐஎஸ் எழுப்புவது ஹேண்ட்லரில் நீங்கள் எழுதிய பாதையில் உள்ளதை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தை உலாவியில் திறந்து "த்ரெட் சேஃப்டி" வரியைப் பாருங்கள், "டிஸேபிள்டு" என்று இருக்க வேண்டும். அதற்குச் சற்று மேலே "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" வரியில் நீங்கள் திருத்திய பிஎச்பி.ஐனியின் பாதையே வருகிறதா என்றும் பாருங்கள். நிரலுக்குள்ளிருந்து கேட்க வேண்டுமென்றால் பிஎச்பி_இசட்டிஎஸ் மாறிலி: என்டிஎஸ்ஸில் 0, டிஎஸ்ஸில் 1. பார்த்து முடித்ததும் அந்தப் பிஎச்பிஇன்ஃபோ கோப்பை அழித்துவிடுங்கள், உள்வலை என்றாலும்.

ஆலமரத்தடி

டிஸேபிள்டு. ஐனி பாதையும் சரி. கோப்பை அழித்துவிட்டேன்.